எல்சாட் தேர்வின் கடைசிப் பத்துக் கேள்விகள்

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வில் 2024 வரை பலரைப் பயமுறுத்தியது 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதி. ஏழு பேரை ஏழு நாற்காலிகளில் உட்காரவைப்பது, யார் எந்தக் கிழமையில் பேசுவார் என்று கட்டம் போடுவது என்று அது போகும். படம் வரைந்தால்தான் தீரும் இந்தக் கேள்விகள் தங்களுக்கு அநீதி என்று பார்வையற்ற தேர்வர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் அது சமரசத்தில் முடிந்தது. 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதி தேர்விலிருந்தே போனது. காலியான இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதி வந்து உட்கார்ந்தது.

இப்போது 35 நிமிடப் பகுதிகள் நான்கு. மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வருபவை மூன்று: தர்க்கம் இரண்டு, வாசிப்பு ஒன்று. நான்காவது, எதிர்காலக் கேள்விகளை வெள்ளோட்டம் பார்க்கச் செருகப்படுவது. எது அது என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே 120 முதல் 180 வரை வரும் மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தர்க்கத்தின் கையில் இருக்கிறது.

ஒரு தர்க்கப் பகுதியில் 24 முதல் 26 கேள்விகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பத்தி, ஒரு கேள்வி வரி, ஐந்து ஆப்ஷன்கள். முதல் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் பெரும்பாலும் வழிவிட்டுவிடும். 15-ஐத் தாண்டியதும் வேகம் விழுகிறது, இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே மனசு ஊசலாடுகிறது, நேரம் கரைகிறது. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளுக்கு மட்டும்.

கடினம் எங்கே இருக்கிறது

பத்தியின் ஆங்கிலம் கடினம், தலைப்பு புரியவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாறைப் படிவம், இடைக்கால ஓவியம், ஈயப் பூச்சு என்று தலைப்புகள் மிரட்டுவது உண்மைதான். ஆனால் துறை அறிவு எதுவும் தேவைப்படாமல்தான் கேள்வி அமைக்கப்படுகிறது.

சிக்கல் வேறு. வாதம் செய்பவர் ஒன்றை நிரூபித்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை முடிவாகச் சொல்கிறார். படிப்பவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். 'குறைந்தது' என்று பத்தி சொன்னதை 'நின்றுவிட்டது' என்றும், 'காரணமாக இருக்கலாம்' என்று சொன்னதை 'காரணம்' என்றும் மனசு தானாகவே திருத்திக்கொள்கிறது. அப்படித் திருத்திய முடிவுக்குப் பொருத்தமான ஓர் ஆப்ஷன் கீழே காத்திருக்கும். கேள்வி தயாரிப்பவர்கள் அதை வைப்பதே அதற்காகத்தான்.

ஆறு படிகள்

1. கேள்வி வரியை முதலில் படியுங்கள். வாதத்தைப் பலவீனப்படுத்தும் ஆப்ஷன் வேண்டுமா, அதற்கு அவசியமான எடுகோள் வேண்டுமா, முரண்பாட்டுக்கு விளக்கம் வேண்டுமா என்பது தெரிந்த பிறகு பத்திக்குப் போனால் எதைத் தேடுவது என்பது தெளிவாக இருக்கும். 'எக்ஸெப்ட்', 'லீஸ்ட்' என்ற சொற்கள் பெரிய எழுத்தில் வரும். அவற்றின் கீழ் உடனே கோடு போடுங்கள். திரையில் அதற்கு வசதி உண்டு.

2. முடிவைச் சொல் மாறாமல் பிடியுங்கள். முடிவு கடைசி வரியில்தான் இருக்கும் என்பதில்லை. கடினமான கேள்விகளில் அது நடுவில் அல்லது முதல் வரியிலேயே இருக்கும். 'ஆகவே' என்று தொடங்கும் வாக்கியம்கூட இடைநிலை முடிவாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களையும் எடுத்துக்கொண்டு 'இதை ஏன் நம்ப வேண்டும்?' என்று கேளுங்கள். எந்த வாக்கியத்துக்கு மற்றது பதிலாக அமைகிறதோ, அதுவே முடிவு.

3. இடைவெளியை ஒரு வரியில் சொல்லுங்கள். 'சரி, ஆனால்...' என்று தொடங்கி ஆட்சேபத்தை மனசுக்குள் முடியுங்கள். ஆட்சேபம் வரவில்லையென்றால், முடிவில் புதிதாக முளைத்த சொல் எது என்று பாருங்கள். ஆதாரத்தில் இல்லாமல் முடிவில் மட்டும் தலைகாட்டும் சொல்லுக்குப் பக்கத்தில்தான் ஓட்டை இருக்கும்.

4. ஆப்ஷன்களுக்குப் போகுமுன் விடையின் சாயலை ஊகியுங்கள். முழு விடை வேண்டாம். 'எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்பியிருக்கிறார்' என்ற அளவு போதும். பத்து விநாடிக்கு மேல் இதில் செலவிட வேண்டாம்.

5. ஐந்தையும் ஒரே ஓட்டமாகப் படித்து வெட்டுங்கள். இந்தச் சுற்றில் விவாதம் கூடாது. கண்டிப்பாகத் தவறானதைத் திரையிலேயே அடித்துவிடுங்கள், புரியாததை விட்டுவையுங்கள். நீளமாக, சுற்றி வளைத்து எழுதப்பட்ட ஆப்ஷனைப் புரியவில்லை என்பதற்காக அடிப்பது இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தவறு. பல நேரம் சரியான விடையையே அப்படித்தான் மறைத்து வைக்கிறார்கள்.

6. இரண்டு மிஞ்சினால் முடிவுக்குத் திரும்புங்கள். இரண்டு ஆப்ஷன்களையும் மாறி மாறிப் படிப்பதால் பயனில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லைப் பத்தியின் முடிவோடு உரசிப் பாருங்கள். தவறான விடையைத் தவறாக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான்.

ஒரு கேள்வி, முழுவதுமாக

எல்சாட் பாணியில் இங்கே தயாரித்த ஒரு கேள்வியைப் பார்க்கலாம்.

*சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று ஒரு நகரம் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, தலைக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. எனவே அந்தச் சட்டத்தால், ஒரு சைக்கிள் பயணத்தில் தலைக்காயம் ஏற்படும் அபாயம் குறைந்திருக்கிறது.*

*மேற்கண்ட வாதத்துக்கு அவசியமான எடுகோள் எது?*

ஏ. நகரின் சைக்கிள்காரர்கள் எல்லோரும் சட்டத்தைப் பின்பற்றினார்கள்.
பி. சைக்கிள் விபத்துகளில் ஏற்படும் காயங்களில் மிகக் கொடியது தலைக்காயமே.
சி. சட்டம் இல்லாத பக்கத்து நகரத்தில் அதே ஆண்டில் தலைக்காயங்கள் குறையவில்லை.
டி. சைக்கிள் பயணங்களின் எண்ணிக்கை, தலைக்காயங்கள் குறைந்த அதே விகிதத்திலோ அதற்கு மேலோ குறைந்துவிடவில்லை.
இ. ஹெல்மெட் அணிந்து விபத்துக்கு உள்ளான எவருக்கும் தலைக்காயம் ஏற்படவில்லை.

ஆதாரம் பேசுவது எண்ணிக்கை. முடிவு பேசுவது 'ஒரு பயணத்தில்' உள்ள அபாயம். முடிவில் முளைத்த அந்தச் சொல்தான் திறவுகோல். ஹெல்மெட் தொல்லை என்று பாதிப் பேர் சைக்கிளை ஓரங்கட்டியிருந்தால் காயங்களும் பாதியாகக் குறைந்திருக்கும், ஆனால் ஓட்டுகிறவரின் அபாயம் அப்படியே இருந்திருக்கும். விடை டி.

இது கற்பனைக் கவலையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதன்பின் பதின்பருவத்தினர் சைக்கிள் ஓட்டுவது வெகுவாகக் குறைந்ததாக அங்கு நடந்த கணக்கெடுப்புகள் காட்டின. காயங்கள் குறைந்ததில் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு, சைக்கிள்கள் குறைந்ததன் பங்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஏ-யும் இ-யும் அளவுக்கு மீறிப் பேசுகின்றன. 'எல்லோரும்', 'எவருக்கும்' என்பது இந்த முடிவுக்குத் தேவையே இல்லை. நூற்றில் எண்பது பேர் ஹெல்மெட் அணிந்திருந்தாலும் வாதம் நிற்கும். பி-க்கும் வாதத்துக்கும் சம்பந்தமில்லை. உண்மையான பொறி சி. நன்றாகப் படிப்பவர்கள்தான் அதில் விழுவார்கள், ஏனென்றால் சி உண்மையானால் வாதம் வலுப்பெறுகிறது. ஆனால் கேள்வி கேட்டது வலுவூட்டுவதை இல்லை, அவசியமானதை.

மறுத்துப் பார்க்கும் சோதனை

அவசியமான எடுகோளைக் கேட்கும்போது, மிஞ்சிய ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் பாருங்கள். டி-யை மறுத்தால், பயணங்களும் காயங்கள் அளவுக்கு அல்லது அதற்கு மேல் குறைந்துவிட்டன என்றாகும். வாதம் அங்கேயே சரிந்துவிடும். சி-யை மறுத்தால், பக்கத்து நகரத்திலும் காயங்கள் குறைந்தன என்றாகும். வாதம் கொஞ்சம் ஆடும், விழாது. அங்கே குறைந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆடுவதற்கும் விழுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் சோதனையைப் பயன்படுத்துவதால்தான் 'மறுத்துப் பார்த்தேன், இரண்டுமே சரியாக வருகிறதே' என்ற புலம்பல் வருகிறது.

மறுக்கும்போதும் கவனம் வேண்டும். 'எல்லோரும்' என்பதன் மறுப்பு 'ஒருவரும் இல்லை' கிடையாது, 'ஒருவராவது இல்லை' என்பதே. 'சில' என்பதன் மறுப்பு 'எதுவுமே இல்லை'.

குறிப்பு: இந்தச் சோதனை அவசியமான எடுகோளுக்கு மட்டும். முடிவை முழுவதுமாக உறுதிப்படுத்தும் எடுகோளைக் கேட்டால் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். அங்கே 'எல்லோரும்', 'எப்போதும்' போன்ற கனமான சொற்கள் வரவேற்கத்தக்கவை.

அம்புக்குறிகள்

'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' வரும் பத்திகளில் தலையால் யோசிக்காமல் காகிதத்தில் அம்பு போடுவது நல்லது.

ஒரு மாநிலத்தில் பார் தேர்வில் தேறியவர் மட்டுமே வழக்கறிஞராகலாம் என்று பத்தி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு 'வழக்கறிஞர் → தேறியவர்' என்று போகும். அதைத் திருப்பி, மறுத்தால் 'தேறாதவர் → வழக்கறிஞர் இல்லை'. இந்த இரண்டு மட்டுமே செல்லும். தேறிய ஒருவர் வழக்கறிஞராக இருந்தே தீர வேண்டும் என்று பத்தி எங்கும் சொல்லவில்லை. அம்பை வெறுமனே திருப்புவது, திருப்பாமல் வெறுமனே மறுப்பது என்ற இரண்டு பிழைகளில் ஒன்றின் மேல் கட்டப்பட்ட ஆப்ஷன் அநேகமாக எப்போதும் இருக்கும்.

'அன்லெஸ்' வந்தால் அதை 'இல்லையென்றால்' என்று படியுங்கள். 'நோட்டரி முன் கையெழுத்திட்டிருந்தாலன்றிப் பிரமாணப் பத்திரம் ஏற்கப்படாது' என்றால், ஏற்கப்பட்ட பத்திரம் எல்லாம் நோட்டரி முன் கையெழுத்தானது. கையெழுத்தானது எல்லாம் ஏற்கப்படுமா? தெரியாது.

இங்கே விஷயம் தெரிந்தவருக்கு ஒரு தனி ஆபத்து. விஸ்கான்சின் மாநிலத்தில், அங்குள்ள இரண்டு சட்டக் கல்லூரிகளில் உரிய பாடங்களோடு பட்டம் பெற்றவர்கள் பார் தேர்வு எழுதாமலே வழக்கறிஞராகலாம். இதை அறிந்தவர், பார் தேர்வு பற்றிய பத்தியைப் பார்த்ததும் 'இது தவறாயிற்றே' என்று ஆதாரத்தோடு மல்லுக்கட்டத் தொடங்குவார். எல்சாட்டில் ஆதாரம் தரப்பட்டது தரப்பட்டதுதான். தாக்க வேண்டியது ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகும் தாவலை.

'சில', 'பெரும்பாலான'

இந்தத் தேர்வில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். 'பெரும்பாலான' என்றால் பாதிக்கு மேல்; அதுவும் எல்லாமாக இருக்கலாம். சட்ட உதவி மையம் ஒன்றில் 20 மாணவர்கள். பெரும்பாலானோருக்கு ஸ்பானிஷ் தெரியும், பெரும்பாலானோருக்கு கார் ஓட்டத் தெரியும். இரண்டும் தெரிந்தவர் உண்டா? குறைந்த பட்சம் 11-ம் 11-ம் கூட்டினால் 22. ஆட்கள் 20-தான். ஆக இரண்டு பேராவது இரண்டிலும் வந்தே தீருவார்கள். 'சில' மாணவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியும், 'சில' பேருக்கு கார் ஓட்டத் தெரியும் என்றிருந்தால் எந்த முடிவும் கிடையாது.

முரண்பாட்டுக் கேள்வி

இந்த வகையில் பத்தி இரண்டு உண்மைகளைக் கொடுக்கும், இரண்டும் சேராததுபோல் தெரியும். 1973-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுநிலை வகுப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு. ஆனால் துறை துறையாகப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான பொதுவான போக்கு எதுவும் தெரியவில்லை. எப்படி?

சரியான விடை இரண்டையும் அப்படியே ஒப்புக்கொண்டு நடுவே பாலம் போட வேண்டும்: குறைவான விகிதத்தில் ஆட்களைச் சேர்க்கும் துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். 'கணக்கெடுப்பில் பிழை' என்ற ஆப்ஷன் வந்தால் அடித்துவிடலாம். அது ஓர் உண்மையை மறுக்கிறது. ஆண்களுக்கு அதிக இடம் கிடைத்ததை மட்டும் விளக்கும் ஆப்ஷன், பாதி உண்மையை விளக்குவதால் கவர்ச்சியாகத் தெரியும். அதையும் விடுங்கள்.

ஒத்த வாதத்தைத் தேடும் கேள்வி

மேலே ஒரு வாதம், கீழே ஐந்து வாதங்கள். அதே அமைப்புள்ளது எது? படிக்கவே ஒரு நிமிடம் ஆகும். இதைத் திரையில் கொடியிட்டு, அதாவது பிறகு திரும்ப அடையாளம் வைத்துவிட்டு, கடைசியில் வாருங்கள். வந்ததும் ஆப்ஷன்களின் முடிவு வரிகளை மட்டும் முதலில் பாருங்கள். மூல வாதம் 'அநேகமாக நடக்கும்' என்று முடிந்திருக்க, 'நிச்சயம் நடக்கும்' என்றோ 'நடக்க வேண்டும்' என்றோ முடியும் ஆப்ஷன்களை மற்ற வரிகளைப் படிக்காமலே தள்ளலாம். மூல வாதம் பேசிய தலைப்பையே பேசும் ஆப்ஷனைச் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். தலைப்பு ஒற்றுமை பொதுவாகத் தூண்டில்தான்.

நேரக் கணக்கு

25 கேள்விக்கு 35 நிமிடம் என்றால் சராசரி 84 விநாடி. எல்லாக் கேள்விக்கும் சமமாகப் பங்கு வைப்பது வீண். முதல் 15-ஐ 18 நிமிடத்தில் முடிக்கப் பழகினால் மிச்சம் 17 நிமிடம், பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 102 விநாடி. கடினக் கேள்விக்கு அந்த 18 கூடுதல் விநாடிகள் பெரிய வித்தியாசம்.

- இரண்டு நிமிடம் தாண்டியும் தெளியாவிட்டால், இருப்பதில் நல்லதைக் குறித்து, கொடியிட்டு நகருங்கள். 22-ஆம் கேள்விக்கும் 3-ஆம் கேள்விக்கும் ஒரே மதிப்புதான்.
- கடைசியில் வருவதெல்லாம் கடினம் என்று நினைக்க வேண்டாம். 23-க்கும் 25-க்கும் நடுவே ஓர் எளிய கேள்வி ஒளிந்திருப்பது உண்டு. அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நேரம் முடிந்துபோவது பெரிய நஷ்டம்.
- தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இந்தியாவில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான கிளாட் எழுதிப் பழகியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும், அதனால் தெரியாததைக் காலியாக விடும் பழக்கம் ஊறியிருக்கும். எல்சாட்டில் காலியாக விடுவது கையில் இருக்கும் வாய்ப்பைத் தூக்கிப் போடுவது.

பயிற்சி: நேரம் முடிந்த பிறகு

தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில முழுத் தேர்வுகள் கிடைக்கின்றன. திரை, கொடி, கோடு எல்லாம் உண்மைத் தேர்வில் இருப்பதுபோலவே இருக்கும். பழைய வினாத்தாள்களுக்கும் ஓர் எல்லை உண்டு. வாரம் நான்கு தேர்வு என்று எழுதித் தள்ளினால் சீக்கிரமே புதிய தாள் தீர்ந்துபோகும், பழக்கமோ மாறியிருக்காது.

'பிளைண்ட் ரிவ்யூ' என்று தேர்வர்கள் சொல்லும் முறை இதற்குக் கைகொடுக்கும்.

1. நேரம் வைத்து ஒரு பகுதியை எழுதுங்கள். துளி சந்தேகம் வந்த கேள்விகளையும் கொடியிடுங்கள்.
2. விடைத்தாளைப் பார்க்காமல், கொடியிட்டவற்றை நேர வரம்பின்றி மறுபடி செய்யுங்கள்.
3. இரண்டாவது விடையைத் தனியே குறித்துக்கொண்டு, அப்புறம் சரிபாருங்கள்.

முதலில் தவறி, இரண்டாவது முறை சரியாக வந்தால் குறை வேகத்தில். இரண்டு முறையும் தவறினால் குறை புரிதலில். அந்தக் கேள்வி வகைக்குத் திரும்பிப் போங்கள். முதலில் சரி, இரண்டாவது முறை தவறு என்றால்? அது அதிர்ஷ்டத்தில் கிடைத்த மதிப்பெண். அதையும் தவறுகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவறுகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். 'கவனக்குறைவு' என்று எழுதுவதால் ஒன்றும் கிடைக்காது. ஓர் உபயோகமான பதிவு இப்படி இருக்கும்: '19-ஆம் கேள்வி. பலவீனப்படுத்து. முடிவு: விலையேற்றத்தின் முக்கியக் காரணம் வறட்சி. நான் படித்தது: ஒரே காரணம் வறட்சி. பி-யைத் தேர்ந்தேன், அது வேறொரு சிறு காரணத்தைக் காட்டியது. முக்கியக் காரணத்தை அது தொடவே இல்லை.' இப்படி முப்பது பதிவுகள் சேர்ந்தால் தன் கண் எந்தச் சொற்களைத் தாண்டிப் போகிறது என்பது எழுதுபவருக்கே தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முன் கவனிக்க வேண்டியவை

- எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. ஐந்து ஆண்டுக் கணக்கில் 5 முறை, வாழ்நாளில் 7 முறை. மதிப்பெண்ணை ரத்து செய்தாலும் அந்த முறை கணக்கில் சேரும். 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்பதற்கு லாஹப் இருக்கிறது.
- பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்ஸியா போன்ற காரணங்களால் கூடுதல் நேரம் தேவைப்படுபவர்கள் உரிய சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். அதற்கும் கெடு உண்டு. பதிவு செய்த கையோடு அதையும் முடித்துவிடுவது நல்லது.
- இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே 10 நிமிட இடைவேளை. எந்தப் பகுதி வெள்ளோட்டம் என்று ஊகிக்க அதைச் செலவிட வேண்டாம். கடினமாக இருந்த பகுதி கணக்கில் வராது என்று நம்பி அடுத்ததில் அசட்டையாக எழுதியவர்கள் உண்டு.
- பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது, பார்க்காத கேள்விகளுக்கெல்லாம் முதலில் ஏதாவது ஓர் எழுத்தைக் குறித்துவிடுங்கள். அதன் பிறகு கொடியிட்டவற்றுக்குத் திரும்பலாம்.